இடைக்கால ஆங்கிலேய ஆயர் ஒருவரின் வாழ்க்கையை ஆவணங்களிலிருந்து எழுதுவது எப்படி

இடைக்கால இங்கிலாந்தின் ஆயர்களில் (பிஷப்புகளில்) பெரும்பாலோர் நாட்குறிப்போ தன்வரலாறோ விட்டுச் செல்லவில்லை. ஆயினும் அவர்களைப் பற்றி நான்கு வகை எழுத்தர்கள் ஆண்டுதோறும் எழுதிக் குவித்திருக்கிறார்கள்: அரசரின் எழுத்தர்கள், திருத்தந்தையின் (போப்பின்) எழுத்தர்கள், ஆயரின் பொறுப்பிலுள்ள பகுதியாகிய மறைமாவட்டத்தின் பதிவாளர்கள், ஆயரின் நிலங்களைப் பார்த்துக்கொண்ட கணக்கர்கள். அரசரின் எழுத்தருக்கு ஆயர் ஓர் அதிகாரி, திருத்தந்தையின் எழுத்தருக்கு அவர் ஒரு விண்ணப்பதாரர், பதிவாளருக்கு மேய்ப்பர், கணக்கருக்கு நிலவுடைமையாளர். இந்நால்வரில் ஒருவரை மட்டும் நம்பி எழுதினால் ஆயரின் வாழ்க்கை கால்வாசிதான் கிடைக்கும். நால்வரும் எழுதியவற்றை ஒரே கால வரிசையில் அடுக்கிவைத்து, ஒரே வாரத்தில் அந்த மனிதர் என்னென்னவாக இருந்தார் என்று பார்ப்பதுதான் இவ்வேலையின் உயிர். நூலகத்தின் பழைய அச்சுப் பதிப்புகளையும் இணையத்தையும் மட்டும் கொண்டு ஆர்வமுள்ள எவரும் இதைச் செய்ய முடியும் என்பதால், அதற்கான வழியை இங்கே சொல்லுகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒருவரையே கடைசிவரை பின்தொடர்வோம். 1367 முதல் 1404 வரை வின்செஸ்டர் ஆயராக இருந்த வில்லியம் விக்கம், அரசுப் பணியிலிருந்து ஆயர் பதவிக்கு ஏறியவர்; அரசின் மிக உயர்ந்த பதவியாகிய சான்சலர் பதவியில் இருமுறை இருந்தவர்; ஒருமுறை எல்லாவற்றையும் இழந்து மீண்டவர்; ஆக்ஸ்ஃபோர்டில் நியூ கல்லூரியையும் வின்செஸ்டரில் ஒரு பள்ளியையும் நிறுவியவர். நான்கு வகை ஆவணங்களும் அவருக்கு நிறைவாகக் கிடைக்கின்றன.

முதலில் நாள்களைச் சரிசெய்தல்

குறிப்பெடுக்கத் தொடங்கும் முன்பே மூன்று நாள்காட்டிகளைக் கையாளக் கற்றுக்கொள்ளுங்கள். அரசின் ஆவணங்கள் அரசரின் ஆட்சியாண்டைச் சொல்லும். மூன்றாம் எட்வர்டின் ஆட்சி 1327 ஜனவரி 25 அன்று தொடங்கியது; ஆகவே அவருடைய 41-ஆம் ஆண்டு என்பது 1367 ஜனவரி 25 முதல் 1368 ஜனவரி 24 வரை ஓடும். இரண்டாம் ரிச்சர்டுக்கு 1377 ஜூன் 22-உம் நான்காம் ஹென்றிக்கு 1399 செப்டம்பர் 30-உம் தொடக்க நாள்கள். ஆயரின் ஆவணங்களில், அவரை ஆயராக அருள்பொழிவு செய்யும் சடங்காகிய திருப்பொழிவிலிருந்து ஆண்டு எண்ணப்படும். விக்கம் திருப்பொழிவு பெற்றது 1367 அக்டோபர் 10 என்பதால் அவரது முதலாண்டு 1368 அக்டோபர் 9 வரை நீளும். மூன்றாவதுதான் மிகுதியான பிழைகளுக்குக் காரணமானது: இங்கிலாந்துத் திருச்சபை கிறிஸ்து ஆண்டை மார்ச் 25 அன்றுதான் மாற்றியது. 1377 பிப்ரவரியில் கூடிய குருக்கள் பேரவையைப் பற்றிய குறிப்பு, அக்காலத் திருச்சபை ஏட்டில் 1376 என்று இருக்கும். அதை அப்படியே எடுத்து எழுதினால், 1376 நவம்பரில் விக்கம் தண்டிக்கப்படுவதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே பேரவை அவருக்காகப் பரிந்து பேசியதாக ஆகிவிடும்.

நாள்களைச் சரிபார்க்கத் திருவிழாக் கணக்கு பெரிதும் உதவும். பெரிய குருத்துவப் பட்டங்கள் வழக்கமாக ஆண்டில் நான்கு முறை வரும் நோன்புச் சனிக்கிழமைகளில்தான் வழங்கப்பட்டன. குருவாகும் முன் பெறும் பட்டங்களில் ஒன்றாகிய துணைத்திருத்தொண்டர் பட்டத்தை விக்கம் பெற்ற நாள் 1362 மார்ச் 12. அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) ஏப்ரல் 17 அன்று வந்தது. அதிலிருந்து ஆறு வாரங்கள் பின்னோக்கிச் சென்றால் தவக்காலத்தின் முதல் ஞாயிறு மார்ச் 6. அதை அடுத்துவரும் நோன்புச் சனி மார்ச் 12. கணக்கு பொருந்துகிறது. இப்படி ஒரு நாளைத் தாமாகச் சரிபார்த்த பிறகு ஆவணத்தின்மேல் பிறக்கும் நம்பிக்கை, பத்து நூல்களை மேற்கோள் காட்டினாலும் பிறக்காது.

இளமையை அளவோடு எழுதுதல்

ஆயர்களின் இளமைக்காலத்துக்குச் சான்றுகள் மிகக் குறைவு. இருப்பவையும் பெரும்பாலும் பிற்காலத்தில், அவர்களைப் போற்றியவர்களால் எழுதப்பட்டவை. விக்கம் 1324-இல் ஹாம்ப்ஷயரிலுள்ள விக்கம் என்னும் ஊரில் பிறந்தார், தந்தை ஜான் லாங், தாய் சிபில், உள்ளூரில் ஆதரவாளர் ஒருவரின் உதவியால் வின்செஸ்டரில் படித்தார், பல்கலைக்கழகத்துக்குச் செல்லவில்லை. இவ்வளவும் ஒரே பத்தியில் அடங்கிவிடும், அடங்கவும் வேண்டும். அவருடைய கல்லூரிகளில் வாழ்ந்தவர்கள் எழுதிய தொடக்கக்கால வாழ்க்கைக் குறிப்புகள் நிறுவனரை வாழ்த்துவதற்காக எழுதப்பட்டவை என்பதை மறவாமல், அவற்றிலிருந்து பெயர்களையும் ஊர்களையும் எடுத்துக்கொண்டு புகழுரைகளை விட்டுவிடுங்கள்.

ஆவணங்கள் உண்மையில் பேசத் தொடங்குவது, மனிதர் அரசரிடம் ஊதியம் வாங்கத் தொடங்கும் நாளிலிருந்துதான். 1356 அக்டோபர் 30 அன்று விக்கம் வின்ட்சர் கோட்டையின் கட்டடப் பணிகளுக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். அதற்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் ஊதியம். இத்தகைய நியமனங்கள் அனைத்தும் பேட்டன்ட் சுருள்கள் எனப்படும் அரச ஆணைத் தொகுப்பில் உள்ளன. மூலத் தோல்சுருள்கள் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருந்தாலும், அவற்றின் ஆங்கிலச் சுருக்கங்கள் நூறாண்டுகளுக்கு முன்பே பெயரடைவுடன் அச்சாகி, இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயரடைவில் உங்கள் ஆயரின் பெயர் பல எழுத்துக்கூட்டல்களில் இருக்கும். அத்தனையையும் தேடி எடுத்து, நாள், இடம், செய்தி, மூலம் என்னும் நான்கு பத்திகளில் ஒரு பட்டியலாக எழுதிவாருங்கள். இந்தப் பட்டியல்தான் முழு வேலைக்கும் அடித்தளம். நியமனம் கிடைத்த இடத்தோடு நிறுத்தாமல், அவர் வேறொருவருக்குச் சாட்சியாகவோ பிணையாகவோ வரும் சிறு பதிவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருடைய நட்பு வட்டம் அங்கேதான் தெரியும்.

மானியங்களைக் கணக்கிடுதல்

ஆயர் பதவிக்கு முந்தைய ஆண்டுகளைப் புரிந்துகொள்ள, அரசர் தம் எழுத்தர்களுக்கு எப்படிச் சம்பளம் கொடுத்தார் என்பதை அறிய வேண்டும். கருவூலத்திலிருந்து பணமாகக் கொடுத்தது சிறிதளவே. பெரும்பகுதி பங்குக் கோயில்களின் வருவாயாகவும் பேராலயக் குழுக்களில் உறுப்பினர் இடங்களாகவும் கொடுக்கப்பட்டது. ஒருவர் பல மறைமாவட்டங்களில் இத்தகைய பல மானியங்களை வைத்திருந்து, எங்கும் வசிக்காமல், வழிபாட்டுப் பணிக்குக் குறைந்த ஊதியத்தில் வேறொருவரை அமர்த்திக்கொள்ள முடிந்தது. விக்கம் 1357-இல் நார்ஃபோக்கிலுள்ள புல்லம் பங்கைப் பெற்றார்; 1363-இல் லிங்கன் மறைமாவட்டத்தின் தலைமைத் திருத்தொண்டரானார்; இடையிலும் பின்னும் பேராலய இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துசேர்ந்தன. ஆனால் அவர் கீழ்நிலைப் பட்டமாகிய பீடத்துணைவர் பட்டம் பெற்றதே 1361 டிசம்பரில். குருவானது 1362 ஜூனில். பங்கின் வருவாய் வந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் அவரால் திருப்பலி நிறைவேற்ற முடிந்தது.

இந்த இரண்டு வரிசைகளையும், அதாவது மானியங்களின் நாள்களையும் பட்டங்களின் நாள்களையும், பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மானியங்களுக்கு, இங்கிலாந்தின் பேராலயப் பதவியாளர் பட்டியலாகிய ஃபாஸ்டி தொகுதிகள் இருக்கின்றன. 1300 முதல் 1541 வரையான பகுதி பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன் தளத்தில் வாசிக்கக் கிடைக்கிறது. பட்டங்களுக்கு, அவற்றை வழங்கிய ஆயரின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். விக்கத்துக்குப் பட்டம் அளித்தவர், பின்னாளில் யாருடைய இடத்துக்கு அவர் வரப்போகிறாரோ அதே வில்லியம் எடிங்டன்.

தொகையையும் அறிய முடியும். பல மானியங்களை ஒருவரே வைத்திருப்பதைக் கட்டுப்படுத்த விரும்பிய திருத்தந்தை ஐந்தாம் அர்பன் இங்கிலாந்தின் குருக்களிடம் கணக்குக் கேட்டபோது, 1366-இல் விக்கம் கொடுத்த பட்டியலின் மொத்தம் ஆண்டுக்கு 873 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ். இத்தகைய ஒழுங்கற்ற எண் கண்ணில் பட்டால் உடனே மார்க்கில் மாற்றிப் பாருங்கள். ஒரு மார்க் 13 ஷில்லிங் 4 பென்ஸ். எனவே இது சரியாக 1,310 மார்க். நாணயமாக இல்லாவிட்டாலும் மார்க் என்பதே அக்காலத்தார் மனக்கணக்குப் போட்ட அலகு. வின்ட்சரின் தினக்கூலி ஆண்டு முழுதும் கிடைத்திருந்தாலும் 18 பவுண்டைச் சிறிதளவே தாண்டியிருக்கும். பத்தாண்டில் நிகழ்ந்த உயர்வை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுவதால், அதற்குமேல் பேராசை என்றோ திறமைக்குப் பரிசு என்றோ நீங்கள் தீர்ப்பெழுத வேண்டியதில்லை. இது அன்றைய அரசு இயங்கிய முறை என்பதையும், அதே முறையை அன்றே கண்டித்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் ஒருசேரச் சொன்னால் போதும்.

தேர்தலுக்கும் திருப்பொழிவுக்கும் இடையில்

ஓர் ஆயரின் வாழ்க்கையில் மிகக் கவனமாக ஆராய வேண்டிய காலம் இதுவே. ‘1366-இல் ஆயரானார்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் அந்தக் காலத்தின் அரசியல் முழுவதும் மறைந்துவிடும். ஆயர் பதவி காலியானால் பேராலயக் குழுவினர் அரசரிடம் தேர்தலுக்கு அனுமதி கேட்க வேண்டும்; அரசர் அனுமதியோடு தம் விருப்பத்தையும் தெரிவிப்பார்; தேர்தல் நடக்கும்; அரசர் இசைவு தருவார்; ஆனால் பதினான்காம் நூற்றாண்டில் ஆயரை நியமிக்கும் உரிமையைத் திருத்தந்தையர் தமக்கே ஒதுக்கிக்கொண்டிருந்ததால் அவருடைய ஆணையும் தேவை. அதன்பின் திருப்பொழிவு, பின் நிலங்களாகிய உலகியல் உடைமைகளை அரசர் திருப்பித் தருதல், கடைசியாகப் பேராலயத்தில் அரியணை ஏற்றம். ஒவ்வொன்றுக்கும் தனி நாளும் தனி ஆவணமும் உண்டு.

எடிங்டன் 1366 அக்டோபரில் இறந்தார். சில நாள்களுக்குள்ளேயே, வின்செஸ்டரில் பேராலயக் குழுவாக இருந்த துறவியர் அரசரின் விருப்பப்படி விக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டனர். ஆனால் அப்போது திருத்தந்தையர் வாழ்ந்த அவிஞ்ஞோன் நகரிலிருந்த திருத்தந்தை உடனே இசையவில்லை. டிசம்பரில் அவரை மறைமாவட்டத்தின் நிர்வாகியாக மட்டும் ஆக்கினார். 1367 ஜூலையில்தான் ஆயராக நியமிக்கும் ஆணை வந்தது. செப்டம்பரில் அவர் சான்சலரானார். அக்டோபர் 10 அன்று லண்டன் புனித பவுல் பேராலயத்தில் பேராயர் சைமன் லாங்கம் அவருக்குத் திருப்பொழிவு அளித்தார். அக்டோபர் 12 அன்று உடைமைகள் கைக்கு வந்தன. இந்த வரிசையைக் கண்ட பிறகு மூன்று செய்திகள் தாமாகவே புலப்படும்: தேர்தல் வெறும் சடங்காக இருந்தது, அரசரும் திருத்தந்தையும் ஓராண்டு இழுபறியில் இருந்தார்கள், அரசின் மிக உயர்ந்த பதவி அவருக்கு ஆயர் திருப்பொழிவுக்கு முன்பே வந்துவிட்டது. மூன்றாவது செய்தியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் ஆயர் என்பதால் சான்சலரானார் என்று பலர் எழுதுவதை அது தலைகீழாக்கிவிடுகிறது.

திருத்தந்தையின் பக்கத்தைத் தேட, இங்கிலாந்து தொடர்பான திருத்தந்தைக் கடிதங்களின் ஆங்கிலச் சுருக்கத் தொகுதிகள் உள்ளன. அங்கே நாள்கள் திருத்தந்தையின் ஆட்சியாண்டில் இருக்கும். பதவி காலியாக இருந்த மாதங்களில் ஆயர் நிலங்களின் வருவாய் அரசருக்குப் போனது. அந்தக் கணக்கு அரசக் கருவூலத்தின் ஆவணங்களில் இருக்குமே தவிர ஆயரின் சொந்தக் கணக்குகளில் இருக்காது. இடைவெளியைக் கண்டதும் ஆவணம் தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டாமல், யார் கையில் நிலம் இருந்தது என்று கேளுங்கள்.

பதிவேட்டை வாசித்தல்

ஆயரின் பதிவேடு என்பது அவருடைய அலுவலகம் வெளியிட்ட, பெற்ற கடிதங்களின் நகல் ஏடு. பங்குக் குருக்களின் நியமனங்கள், பட்டம் பெற்றோர் பட்டியல்கள், விலக்கு ஆணைகள், மடங்களின் ஆய்வு அறிக்கைகள், அரசரிடமிருந்து வந்த ஆணைகள் ஆகியவை அதில் அடங்கும். விக்கத்தின் பதிவேட்டை டி. எஃப். கிர்பி 1896 முதல் 1899 வரை இரண்டு தொகுதிகளாக அச்சிட்டார். முதல் வாசிப்பில் இது வெறும் பெயர்களின் குவியலாகத் தோன்றும். எனவே செய்தியைத் தேடாமல் முதலில் இடத்தைத் தேடுங்கள். ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் அது எங்கிருந்து, எந்நாளில் எழுதப்பட்டது என்று இருக்கும். சதக், ஈஷர், ஃபார்னம், ஹைகிளேர், பிஷப்ஸ் வால்தம், வின்செஸ்டரின் வுல்வ்சி என அவருடைய அரண்மனைகளும் மாளிகைகளும் மாறிமாறி வரும். இவற்றை நாள்வாரியாக வரிசைப்படுத்தினால் ஆயரின் பயணப் பட்டியல் கிடைத்துவிடும். சான்சலராக இருந்த ஆண்டுகளில் லண்டனையொட்டிய சதக்கிலிருந்து எழுதிய கடிதங்களையும், பதவியில்லாத ஆண்டுகளில் ஹாம்ப்ஷயரிலிருந்து எழுதியவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கடிதத்தில் ஆயரின் பெயர் இருப்பதனால் அவரே அங்கே இருந்தார் என்று பொருளாகாது. ஆயர் இல்லாதபோது அவருடைய பதிலாளர் நிர்வாகத்தை நடத்தினார். பட்டங்களை வழங்க, சொந்த மறைமாவட்டத்தில் பணி செய்யாத வேறோர் ஆயர் அமர்த்தப்படுவார். எனவே பட்டமளிப்புப் பட்டியல்களின் தலைப்பை முழுவதுமாக வாசியுங்கள். வழங்கியவர் யார் என்பது அங்கே சொல்லப்பட்டிருக்கும்.

அதே சமயம், அரசியல் ஆயர்கள் மேய்ப்புப் பணியை முற்றிலும் கைவிட்டார்கள் என்னும் பொதுவான எண்ணத்தையும் பதிவேடுதான் திருத்துகிறது. வின்செஸ்டருக்கு அருகிலுள்ள செயின்ட் கிராஸ் மருத்துவமனை ஏழைகளுக்காக நிறுவப்பட்டது. அதன் தலைவர்கள் வருவாயைத் தமக்கே எடுத்துக்கொண்டிருந்தார்கள். விக்கம் 1370-களின் முற்பகுதியில் பல ஆண்டுகள் அவர்களோடு வழக்காடி ஏழைகளின் உரிமையை மீட்டார். 1387-இல் செல்போர்ன் துறவு மடத்தை ஆய்வு செய்து, துறவியர் வேட்டையில் ஈடுபடுவது உட்பட ஒவ்வொரு குறையையும் தனித்தனியாக எழுதித் திருத்தக் கட்டளையிட்டார். பல மானியங்களின் வருவாயில் வளர்ந்த ஒருவர் பிறருடைய வருவாய் முறைகேட்டை விடாமல் துரத்தினார் என்பது முரண்போல் தோன்றலாம். அதை மழுப்பாமல் அப்படியே எழுதுங்கள். மனிதர் அங்கேதான் தெரிகிறார்.

நிலமும் கணக்கும்

வின்செஸ்டர் இங்கிலாந்தின் மிகச் செல்வமான மறைமாவட்டம். அதன் ஆயர்களின் பண்ணைக் கணக்குகள், பைப் சுருள்கள் என்னும் பெயரில், 1208–09 கணக்காண்டு முதல் பெரும்பாலான ஆண்டுகளுக்குத் தொடர்ந்து கிடைக்கின்றன; அவை ஹாம்ப்ஷயர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கணக்காண்டு புனித மிக்கேல் திருநாளாகிய செப்டம்பர் 29 அன்று தொடங்கி அடுத்த ஆண்டின் அதே நாளில் முடியும். பெரும்பாலான சுருள்கள் அச்சேறாத இலத்தீனில் இருப்பதால் தொடக்க நிலையில் இவற்றை முழுவதும் வாசிக்க முனைய வேண்டாம். அச்சான சில ஆண்டுகளின் மொழிபெயர்ப்பைப் பார்த்து, விதைப்பு, ஆட்டு மந்தை, கட்டடச் செலவு, ஆயர் வந்து தங்கிய நாள்களின் உணவுச் செலவு ஆகியவை எந்த இடத்தில் வரும் என்று தெரிந்துகொண்டால் போதும். நிலம் அவருக்கு எவ்வளவு பொருட்டாக இருந்தது என்பதற்கு ஒரு செய்தி சான்றாகும். பதவியேற்றதும் விக்கம் செய்த முதல் காரியங்களில் ஒன்று, எடிங்டனின் உயில் நிறைவேற்றுநர்களிடமிருந்து பண்ணைகளுக்குரிய கால்நடைகளையும் பழுதடைந்த கட்டடங்களுக்கான இழப்பீட்டையும் கேட்டுப் பெற்றது. வந்த மாடுகள் மட்டுமே 1,500-க்கு மேல்.

1376: ஒரு வீழ்ச்சியை எழுதும் முறை

வீழ்ச்சியின் போதுதான் ஆவணங்கள் மிகுதியாகப் பேசும்; பொய்யும் அங்கேதான் மிகுதி. ஆகவே இந்தப் பகுதியை நிகழ்ச்சி, குற்றச்சாட்டு, விளக்கம் என மூன்றாகப் பிரித்துக் குறிப்பெடுங்கள்.

நிகழ்ச்சிகள் உறுதியானவை. பிரெஞ்சுப் போர் தோல்வியில் சென்றதால், 1371 நாடாளுமன்றம் அரசின் பெரும்பதவிகளில் குருக்கள் இருக்கக்கூடாது என்று கேட்டது. விக்கம் சான்சலர் பதவியை விட்டார். 1376-இல் கூடிய நாடாளுமன்றம் அரசவையின் முறைகேடுகளைத் தாக்கியபோது அவர் தாக்கியவர்களின் பக்கம் நின்றார். அது கலைந்ததும், அரசரின் மகனும் லங்காஸ்டர் கோமகனுமான கான்ட் ஜான் பதிலடி கொடுத்தார். இலையுதிர்காலத்தில் விக்கம் விசாரிக்கப்பட்டார். நவம்பரில் அவருடைய உடைமைகள் பறிக்கப்பட்டன. அரசவையிலிருந்து இருபது மைல் தொலைவுக்குள் வரக்கூடாது என்று தடையும் விழுந்தது. 1377 பிப்ரவரியில் குருக்கள் பேரவை, லண்டன் ஆயர் வில்லியம் கோர்ட்னியின் தலைமையில், விக்கம் இல்லாமல் வரிபற்றிப் பேச மறுத்தது. ஜூன் 18 அன்று உடைமைகள் திரும்பின. மூன்று நாள் கழித்து மூன்றாம் எட்வர்ட் இறந்தார். புதிய அரசரின் ஆட்சியில் முழு மன்னிப்பு கிடைத்தது.

குற்றச்சாட்டுகள் பல, போர்ப் பணத்தை வீணாக்கியது, பிணைக்கைதிகளை விடுவித்தது என்று பெரியவை எல்லாம் இருந்தன. ஆனால் உண்மையில் நிலைநாட்டப்பட்டது ஒன்றே: ரொதர்ஃபீல்டின் ஜான் கிரே செலுத்த வேண்டிய 80 பவுண்டுக் கட்டணத்தைச் சான்சலராக இருந்தபோது 40 பவுண்டாகக் குறைத்துச் சுருளில் திருத்தியது. குற்றச்சாட்டுப் பட்டியலை முழுவதும் எடுத்தெழுதும் ஆசையைத் தவிர்த்து, எது நிலைத்தது, அதற்கும் தண்டனைக்கும் உள்ள பொருத்தம் என்ன என்று கேளுங்கள். 40 பவுண்டுத் தள்ளுபடிக்காக நாட்டின் மிகச் செல்வமான ஆயரின் நிலம் முழுவதும் பறிக்கப்பட்டது என்னும்போது, தீர்ப்பு நடந்தது வேறொரு வழக்கில் என்பது தெளிவாகும்.

விளக்கங்களைக் கடைசியில் சேருங்கள். அரசரின் காதலி ஆலிஸ் பெரர்ஸுக்குக் கையூட்டுக் கொடுத்து விக்கம் உடைமைகளை மீட்டார் என்று செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துக் காலவரலாறு சொல்கிறது. அந்த மடத்தில் எழுதியவர் ஆலிஸையும் கான்ட் ஜானையும் கடுமையாக வெறுத்தவர். ஆகவே இதைச் செவிவழிச் செய்தியாகக் குறித்து, யார் சொன்னது என்பதையும் உடன் எழுதுங்கள். பிரெஞ்சு மொழியில் எழுதிய வரலாற்றாசிரியர் ஃபுருவாசார், 1360-களில் எல்லாம் விக்கத்தின் மூலமே நடந்தன, அவரில்லாமல் எதுவும் நடக்கவில்லை என்று எழுதியதற்கு மதிப்பு மிகுதி, ஏனெனில் அவர் அவ்வாண்டுகளில் அரசி ஃபிலிப்பாவின் ஆதரவில் அரசவையிலேயே இருந்தவர். கோட்டை கட்டுவதில் வல்ல எழுத்தருக்குப் பங்குகள் கிடைக்கின்றன என்று திருச்சபையைக் கண்டித்த சீர்திருத்தர் ஜான் விக்லிஃபின் வட்டத்திலிருந்து வந்த கண்டனம் விக்கத்தைக் குறிப்பதாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் அங்கே பெயர் இல்லை. பெயரில்லாத இடத்தில் பெயரை நாமாகப் பொருத்தும்போது அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

நிறுவியவற்றின் நாள்களைப் பின்னோக்கித் தேடுதல்

விக்கத்தை உலகம் நினைவில் வைத்திருப்பது கல்விக்காக. நியூ கல்லூரியின் நிறுவன ஆணை 1379 நவம்பர் 26-இலும் வின்செஸ்டர் பள்ளியின் ஆணை 1382 அக்டோபரிலும் வெளியாயின. இந்த நாள்களை மட்டும் பார்த்தால், அவமானப்பட்டவர் மனம் மாறிக் கல்விப்பணியில் இறங்கினார் என்னும் அழகான கதை உருவாகும். அதை நம்பி எழுதாதீர்கள். நிறுவனம் ஒன்றை ஆராயும்போது ஆணையின் நாளிலிருந்து பின்னோக்கிச் சென்று, நிலம் எப்போது வாங்கப்பட்டது, மாணவர்களுக்கு எப்போது பணம் கொடுக்கப்பட்டது என்று தேட வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் விக்கத்தின் ஆட்கள் ஏறத்தாழ 1369-இலேயே நிலம் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். வின்செஸ்டரில் ஏழைச் சிறுவர்களுக்கு இலக்கணம் கற்பிக்க ஆசிரியர் ஒருவருடன் 1373-இல் பத்தாண்டு ஒப்பந்தம் செய்யப்பட்டது. திட்டம் வீழ்ச்சிக்கு முந்தியது. வீழ்ச்சி அதைத் தாமதப்படுத்தியது.

நோக்கத்தை அறிய நிறுவன விதிகளின் முன்னுரையை வாசியுங்கள். கொள்ளைநோய்களாலும் போர்களாலும் குருக்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டதை அது கூறுகிறது. 1348–49-இலும் 1361-இலும் பிளேக் வந்துபோன நாட்டில் அது சம்பிரதாயப் பேச்சு அன்று. தலைவர் ஒருவர், மாணவர் 70 பேர், அருள்பணியாளர் 10 பேர், உதவியாளர் 3 பேர், பாடகச் சிறுவர் 16 பேர் என நியூ கல்லூரி சரியாக நூறு பேருக்கு அமைக்கப்பட்டது. வின்செஸ்டரிலும் மாணவர் எண்ணிக்கை 70. பள்ளியில் இலக்கணம் கற்றவர்களே கல்லூரிக்குச் செல்ல வேண்டும் என்று இரண்டையும் இணைத்ததுதான் அவருடைய சிந்தனையின் புதுமை. பல்கலைக்கழகம் செல்லாத ஒருவர், எந்தக் கட்டத்தில் மாணவர் தடுமாறுகிறார் என்பதை இவ்வளவு துல்லியமாகக் கண்டது என்னை எப்போதும் வியக்க வைக்கிறது.

கட்டடங்களும் ஆவணங்களே. 1394 முதல் வின்செஸ்டர் பேராலயத்தின் நடுக்கூடத்தை விக்கம் புதுப்பித்தார். கொத்தனார்களின் தலைவர் வில்லியம் வின்ஃபோர்ட். பழைய நார்மன் தூண்களை இடிக்காமல் புதிய வடிவில் செதுக்கியும் மூடியும் வேலை நடந்ததைப் படங்களிலேயே காணலாம். அவருக்காகப் பணிபுரிந்த கொத்தனார், தச்சர் ஹியூ ஹெர்லாண்ட், கண்ணாடி ஓவியர் ஆகியோரின் உருவங்கள் வின்செஸ்டர் பள்ளி ஆலயச் சாளரத்தில் இடம்பெற்றன. அவரோடு உழைத்தவர்களின் பெயர்களை உங்கள் கட்டுரையிலும் விடாதீர்கள்.

உயிலும் எழுத்தும்

கடைசியாக உயிலை எடுத்துக்கொள்ளுங்கள். விக்கத்தின் உயில் 1403 ஜூலை 24 நாளிட்டது. அவர் இறந்தது 1404 செப்டம்பர் 27, பிஷப்ஸ் வால்தத்தில். உயிலில் பெயர் குறிப்பிடப்பட்ட ஒவ்வொருவரையும் நீங்கள் முன்பே தயாரித்த பட்டியலில் தேடினால், முப்பது நாற்பது ஆண்டு உறவுகள் யாருடன் நிலைத்தன என்பது விளங்கும்.

எழுதத் தொடங்கும்போது பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஆனால் கால வரிசையைக் குலைத்து எழுதினால், ஆயரின் நான்கு முகங்களும் ஒரே வேளையில் இருந்தன என்பதை வாசகர் காண முடியாமல் போகும். அரசியல், மறைப்பணி, நிலம், கல்வி என்று தனித்தனி அதிகாரங்களாகப் பிரிப்பதையும் அதனால்தான் நான் விரும்புவதில்லை.

முதல் முயற்சிக்கு முப்பத்தேழு ஆண்டு ஆயராக இருந்தவர் மிகப் பெரியவராகத் தோன்றினால், பணிக்காலம் குறைவான ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். 1308 முதல் எக்சிட்டரின் ஆயராக இருந்த வால்ட்டர் ஸ்டேபிள்டன் நல்ல தேர்வு. அவருடைய பதிவேடு 1892-இல் அச்சாகியிருக்கிறது. அவரும் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கல்லூரியை நிறுவினார். இரண்டாம் எட்வர்டின் கருவூலத் தலைவராக இருந்து அதன் ஆவணங்களை ஒழுங்குபடுத்தினார். 1326 அக்டோபர் 15 அன்று லண்டன் தெருவில் கூட்டத்தினரால் கொல்லப்பட்டார். பதிவேடு, அரச ஆணைகள், லண்டன் காலவரலாறுகள் ஆகிய மூன்றையும் கொண்டு அவருடைய கடைசி ஆண்டை மட்டும் முதலில் நாள்வாரியாக எழுதிப் பாருங்கள். முறை கைவந்தபின் மற்ற பதினேழு ஆண்டுகளுக்குச் செல்லலாம்.